பத்து லட்சம் மணி நேரம்

புத்தகத்துக்கு விமர்சனம் இருக்கிறது. சினிமாவுக்கு இருக்கிறது. ஹார்ட் டிஸ்க் வருகிற அட்டைப் பெட்டியை மட்டும் யாரும் விமர்சிப்பதில்லை. இத்தனைக்கும் அதில் எழுதியிருப்பது நாலைந்து வரிதான். வீடியோ எடிட்டிங் செய்கிறவர்கள் அந்த நாலைந்து வரியை நம்பித்தான் அடுத்த வீட்டுக் கல்யாணத்தைக் கொண்டுபோய் அதற்குள் வைக்கிறார்கள். ஒரு நாவல் சரியில்லை என்றால் இருநூறு ரூபாய் போச்சு. டிஸ்க் சரியில்லை என்றால் போவது தாலி கட்டும் காட்சி. மாப்பிள்ளையை மறுபடி கட்டச் சொல்ல முடியாது.

ஆகவே இந்த வாரம் பெட்டி விமர்சனம். நீங்கள் எடிட்டர் இல்லை என்றாலும் படியுங்கள். உங்கள் வீட்டு விசேஷமும் யாரோ ஒருவருடைய டிஸ்க்கில்தான் உட்கார்ந்திருக்கிறது.

இந்தத் தொழிலில் இருப்பவர்கள் கேட்பது ஒரே கேள்வி: “எந்த கம்பெனி டிரைவை நம்பி வாங்கலாம் சார்?” சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் இறங்கி நாலு கடையில் கேட்டுப் பாருங்கள். முதல் கடையில், “இதைக் கண்ண மூடிட்டு எடுங்க” என்பார்கள். அடுத்த கடையில் அதே பெயரைச் சொன்னால், “அதுவா, வேணாண்ணே. போன மாசம்தான் ரெண்டு ரிட்டர்ன் வந்துச்சு” என்பார்கள். இருவரும் பொய் சொல்லவில்லை. அவரவர் பார்த்தது அவ்வளவுதான். நூறு டிஸ்க் விற்ற இடத்தில் இரண்டு திரும்பி வந்தால் அது கம்பெனியின் குணமா, அந்த மாதத்து ராசியா என்று பிரம்மாவாலும் சொல்ல முடியாது.

தவிர, ஹார்ட் டிஸ்க் செய்கிற கம்பெனிகள் உலகத்தில் இன்று மூன்றே மூன்று: சீகேட், வெஸ்டர்ன் டிஜிட்டல், தோஷிபா. மற்ற பெயர்களில் வரும் பெட்டிகளைத் திறந்தால் உள்ளே இந்த மூவரில் ஒருவர்தான் இருப்பார். மூன்று விடை மட்டும் உள்ள ஒரு கேள்விக்கு இத்தனை வருஷமாக விடை கிடைக்கவில்லை என்றால், கேள்வியில் ஏதோ கோளாறு இருக்கிறது.

பழைய கதை ஒன்று சொன்னால் புரியும். 2000-ல் ஐ.பி.எம். கம்பெனி டெஸ்க்ஸ்டார் 75ஜிஎக்ஸ்பி என்று ஒரு டிஸ்க் விட்டது. வேகமான சரக்கு. ஐ.பி.எம். என்ற பெயர் வேறு. வாங்கினவர்கள் வீட்டில் அது வரிசையாகச் சாக ஆரம்பித்தது. டெஸ்க்ஸ்டாரை ‘டெத்ஸ்டார்’ ஆக்கிவிட்டார்கள். அமெரிக்காவில் வழக்கு நடந்தது. ஐ.பி.எம். தன் டிஸ்க் பிரிவையே ஹிட்டாச்சிக்கு விற்றுவிட்டது. இனி அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கக் கூடாது என்றுதானே நினைப்பீர்கள்? பத்து வருஷம் கழித்து ஆயிரக்கணக்கில் டிஸ்க் ஓட்டிக் கணக்கு வைத்தவர்கள் பட்டியல் வெளியிட்டபோது, மிகக் குறைவாகச் செத்தவற்றில் முன்னால் நின்றது அதே குடும்பத்து வாரிசான ஹிட்டாச்சி டிஸ்க்குகள். பெயரை வைத்து நம்புவதும் பெயரை வைத்து ஒதுக்குவதும் ஒரே தப்பின் இரண்டு பக்கம்.

சரி, பெட்டிக்கு வருவோம். எடிட்டர்களுக்கென்று விற்கும் விலை கூடிய டிஸ்க்குகளின் விவரத்தாளில் ஒரு வரி இருக்கும்: எம்.டி.பி.எஃப். 10 லட்சம் மணி நேரம். பழுதுக்கும் பழுதுக்கும் இடையே சராசரி காலம் என்று அர்த்தம். சிலதில் 25 லட்சம் மணி நேரம்கூட உண்டு. 10 லட்சம் மணி நேரத்தை வருஷமாக்கிப் பாருங்கள். 114 வருஷம்! ஹார்ட் டிஸ்க் என்ற பொருளே 1956-ல்தான் பிறந்தது. 114 வருஷம் ஓடிய டிஸ்க்கை யார் பார்த்தார்கள்?

யாரும் பார்க்கவில்லை. அந்த வரி உங்கள் டிஸ்க்கின் ஆயுளைப் பற்றியதே அல்ல. ஆயிரம் டிஸ்க்கை ஒரு வருஷம் இரவு பகலாக ஓட்டினால் மொத்தம் சுமார் 88 லட்சம் மணி நேரம் ஆகிறது. 10 லட்சம் மணிக்கு ஒன்று என்றால் அந்த ஆயிரத்தில் வருஷத்துக்கு ஒன்பது சாகும். அவ்வளவுதான் விஷயம். முப்பது வயதுக்காரர்கள் ஆயிரம் பேரில் வருஷத்துக்கு ஒருவர் இறப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். பெட்டியின் பாஷையில் எழுதினால் மனிதனின் சராசரி ஆயுள் ஆயிரம் வருஷம். எல்.ஐ.சி. ஏஜென்ட்கூட இப்படிப் பேசமாட்டார்.

அந்த ஒன்பதாவது நிஜமா? 2007-ல் கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பியாங்கா ஷ்ரோடர், கார்த் கிப்சன் என்ற இருவர் பல பெரிய கம்ப்யூட்டர் கூடங்களிலிருந்து சுமார் ஒரு லட்சம் டிஸ்க்குகளின் சரித்திரத்தை வாங்கிப் படித்தார்கள். பழுதென்று கழற்றி மாற்றப்பட்டவை ஆயிரத்துக்கு ஒன்பது அல்ல, பல இடங்களில் வருஷத்துக்கு இருபது முதல் நாற்பது. ஓரிடத்தில் நூற்றுக்குப் பதின்மூன்று வரை. இன்னொன்றும் கண்டார்கள். விலை அதிகமான ரகமும் சாதா ரகமும் மாற்றப்பட்ட விகிதத்தில் அப்படியொன்றும் நிச்சயமான வித்தியாசம் காட்டவில்லை. கூடுதலாகக் கொடுத்த பணம் வேகத்துக்கும் வாரன்ட்டிக்கும் போயிருக்கிறது. நம்பகத்துக்குப் போனதா என்பது கேள்விக்குறி.

அதே வருஷம் கூகிள் தன்னிடமிருந்த ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட டிஸ்க்குகளைப் பற்றி ஓர் ஆராய்ச்சிக் கட்டுரை வெளியிட்டது. டிஸ்க்குகளுக்குள் ‘ஸ்மார்ட்’ என்று தன்னைத்தானே கண்காணிக்கும் ஏற்பாடு உண்டு. சாகுமுன் சொல்லிவிடும் என்று நம்பிக்கை. செத்தவற்றில் பாதிக்கு மேல், முக்கியமான நான்கு எச்சரிக்கைகளில் ஒன்றைக்கூடக் காட்டாமல் போயிருந்தன. ஆனால் பரிசோதனையில் முதல் பிழை தென்பட்ட டிஸ்க், அடுத்த 60 நாளில் சாகிற வாய்ப்பு மற்றவற்றைவிட 39 மடங்கு. ஆக, டிஸ்க் ‘உடம்பு சரியில்லை’ என்று சொன்னால் உடனே நம்புங்கள். ‘நன்றாக இருக்கிறேன்’ என்று சொன்னால் நம்பாதீர்கள். எந்தக் கம்பெனி டிஸ்க் எப்படி என்ற பட்டியலை மட்டும் கூகிள் வெளியிடவில்லை.

அதை வெளியிட்டது பேக்பிளேஸ் என்ற அமெரிக்க பேக்கப் கம்பெனி. 2013-லிருந்து தன் டிஸ்க்குகளில் எந்த மாடல் எத்தனை செத்தது என்று பெயர் போட்டுச் சொல்லிவருகிறது. புண்ணியவான்கள். 2021-ல் மொத்தச் சாவு நூற்றுக்கு 1. 2023-ல் 1.7. படிக்க வேண்டியது அந்த மொத்தத்தை அல்ல, உள்ளே மாடல் வாரியாக இருப்பதை. சீகேட்டின் ஒரு 3 டெராபைட் மாடல் அவர்களிடம் கொத்துக் கொத்தாக விழுந்தது. அதே சீகேட்டின் 4 டெராபைட் மாடல் பல மடங்கு தேவலை. ஒரே அப்பன் பிள்ளைகள்! இதில் ஒரு சங்கடம் உண்டு. ஒரு மாடல் நல்லது என்று நாலு வருஷம் ஓடித் தெரியும்போது, கடையில் அந்த மாடல் இருக்காது. இன்னொன்று, அவை குளிர்ந்த அறையில், அடுக்கில், அசையாமல் ஓடுபவை. உங்களுடையதோ பையில் போட்டு, டூவீலரில் மாட்டி, மண்டபத்துக்கும் வீட்டுக்கும் அலைவது. ஓடும்போது தட்டுக்கும் அதைப் படிக்கிற முனைக்கும் இடைவெளி சில நானோமீட்டர். ஒரு தலைமுடியின் பருமனில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு. இதை எந்த விவரத்தாளும் டூவீலரில் வைத்துச் சோதிப்பதில்லை.

பெட்டியின் அடுத்த வரி, வேகம். ‘நொடிக்கு 2000 எம்.பி. வரை.’ இந்த ‘வரை’ என்ற சொல்லைப் போல உழைப்பாளிச் சொல் வேறில்லை. விலை குறைந்த எஸ்.எஸ்.டி.க்களில், முக்கியமாகக் கியூ.எல்.சி. ரகத்தில், முன்வாசலில் கொஞ்சம் இடம் வேகமாக எழுதும். அது நிரம்பியதும் வண்டி நொண்டும். சிலது ஹார்ட் டிஸ்க்கைவிடக் கீழே போகும். முழுக் கல்யாணத்தை ஒரே மூச்சில் காப்பி செய்கிறவருக்குத்தான் இது தெரியும். பத்து போட்டோ காப்பி செய்து பார்க்கிறவருக்குத் தெரியாது.

உண்மையில் எவ்வளவு வேகம் வேண்டும்? மண்டபங்களில் ஓடுகிற 4கே கேமரா பலவற்றில் நொடிக்கு 100 மெகாபிட் பதிவாகிறது. பைட்டில் 12.5 எம்.பி. ஒரு மணி நேரத்துக்கு 45 ஜி.பி. நாலு கேமராவை ஒரே நேரத்தில் டைம்லைனில் ஓட்டினாலும் நொடிக்கு 50 எம்.பி.தான். ப்ரோரெஸ் 422 எச்.க்யூ.வாக மாற்றினால் ஒரு கேமராவுக்கே நொடிக்கு 90 எம்.பி. தாண்டும். அப்போது எஸ்.எஸ்.டி. அவசியம். மற்றபடி 2000 எம்.பி. என்பது சந்துக்குள் ஓட்டுவதற்கு ரேஸ் கார் வாங்குவது மாதிரி. வாங்கக் கூடாது என்று சொல்லவில்லை. நம்பகத்தைக் கேட்டுப்போன உங்களுக்கு வேகத்தை விற்று அனுப்புகிறார்கள் என்று சொல்கிறேன்.

மூன்றாவது, நிறம். சிவப்பு, நீலம், கறுப்பு, ஊதா என்று ஆளுக்கொரு நிறம், வேலைக்கொரு பெயர். ‘வீடியோ’ என்று எழுதியிருக்கிறதே என்று ஊதாவை வாங்கிக்கொண்டு போகிற எடிட்டர்கள் உண்டு. அது கண்காணிப்புக் கேமராவுக்குச் செய்தது. பல டஜன் கேமரா ஓயாமல் எழுதுவதைத் தாங்குவது அதன் வேலை. எடிட்டிங் பெரும்பாலும் படிக்கிற வேலை. அதுவும் இங்கே கொஞ்சம், அங்கே கொஞ்சம். ஊதாவில் எடிட் ஓடும். உங்களுக்கென்று அதில் தனியாக ஒன்றும் இல்லை.

பெட்டியில் எழுதியிருப்பதைவிட, எழுதாமல் விட்டதுதான் சுவாரசியம். எஸ்.எம்.ஆர். என்று ஒரு முறை இருக்கிறது. ஓட்டு வீட்டுக் கூரையில் ஓடுகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறி நிற்குமே, அதுபோலத் தடங்களை மேலேற்றி அடுக்கிக் குறைந்த இடத்தில் நிறைய வைப்பது. நடுவில் ஒரு ஓட்டை மாற்ற வேண்டும் என்றால் பக்கத்து ஓடுகளையும் பெயர்த்து அடுக்க வேண்டும். எழுதி, அழித்து, மறுபடி எழுதும் எடிட்டிங் வேலைக்கு இது ஆகாது. எழுதி மூலையில் வைக்கலாம். 2020 ஏப்ரலில் வெஸ்டர்ன் டிஜிட்டல், பல டிஸ்க்கை ஒன்றாகக் கட்டி ஓட்டுகிறவர்களுக்கென்று விற்ற தன் ரெட் வரிசையில் சில மாடல்கள் இந்த ரகம்தான் என்று ஒப்புக்கொண்டது. வாங்கினவர்கள் கண்டுபிடித்துக் கேட்ட பிறகு! விவரத்தாளில் அதுவரை அந்த வார்த்தையே இல்லை. பிறகு பழைய முறையில் எழுதும் சி.எம்.ஆர். டிஸ்க்குகளுக்கு ரெட் ப்ளஸ் என்று தனிப் பெயர் வைத்தார்கள். சட்டைப்பையில் போகிற சின்ன போர்ட்டபிள் ஹார்ட் டிஸ்க்குகளில் இன்று பெரும்பாலானவை எஸ்.எம்.ஆர்.தான். வாங்குமுன் மாடல் எண்ணை வைத்துக் கேளுங்கள். கடைக்காரர் விழித்தால் கம்பெனியின் பட்டியலைப் பாருங்கள்.

எஸ்.எஸ்.டி.யில் சுற்றுகிற தட்டு இல்லை, கீழே விழுந்தால் பயமில்லை என்பார்கள். சரிதான். ஆனால் 2023-ல் கேமராக்காரர்கள் பிரியமாக வாங்கிய சான்டிஸ்க் எக்ஸ்ட்ரீம் ப்ரோ போர்ட்டபிள் எஸ்.எஸ்.டி.க்களில் திடீரென்று டிரைவ் கழன்றுகொள்கிறது, ஃபைல் காணோம் என்று புகார் குவிந்தது. கம்பெனி ஃபர்ம்வேர் திருத்தம் வெளியிட்டது. வழக்கும் வந்தது. இன்னொன்று: நன்றாக உழைத்துத் தேய்ந்த சாதா எஸ்.எஸ்.டி., கரன்ட் இல்லாமல் 30 டிகிரி வெப்பத்தில் ஒரு வருஷம் விஷயத்தைக் காப்பாற்ற வேண்டும் என்பதுதான் ஜெடெக் அமைப்பின் தரவிதி. தேய்ந்து முடிந்ததற்கான விதி அது, புதியது அதிகம் தாங்கும். இருந்தாலும் நம் ஊர் மே மாதத்து பீரோ 30 டிகிரியில் நிற்காது. எஸ்.எஸ்.டி.யில் எடிட் பண்ணுங்கள். அதையே பெட்டகமாக்கி மூட்டை கட்டி வைக்காதீர்கள்.

கடைசி வரி: 5 வருஷ வாரன்ட்டி. நாலாவது வருஷம் டிஸ்க் செத்தால் புதுசு தருவார்கள், காலியாக! உள்ளே இருந்ததற்கு அவர்கள் பொறுப்பல்ல என்று பொடி எழுத்தில் இருக்கும். சில மாடல்களுக்கு மீட்புச் சேவை உண்டு. அதிலும் முயற்சி செய்வோம் என்பதுதான் வாக்கு. வாரன்ட்டி இரும்புக்கு. உங்கள் பாட்டி ஆசீர்வாதம் செய்த காட்சிக்கு இல்லை. இது மோசடி இல்லை. ஒரு டிஸ்க்கின் மேல் யாரும் அந்தச் சத்தியத்தைச் செய்ய முடியாது என்பது செய்கிறவனுக்குத்தான் நன்றாகத் தெரியும்.

இதையெல்லாம் 1988-லேயே ஒரு கட்டுரையில் நேராகச் சொல்லிவிட்டார்கள். கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் டேவிட் பேட்டர்சன், கார்த் கிப்சன், ராண்டி கேட்ஸ் மூவரும் எழுதியது. கார்த் கிப்சன், மேலே ஒரு லட்சம் டிஸ்க்கை எண்ணினாரே, அவரேதான். ‘ரெய்டு’ என்ற பெயர் அங்கிருந்து வந்தது. அதன் விரிவு, விலை மலிந்த டிஸ்க்குகளின் கூட்டணி. பெரிய விலையில் பெரிய டிஸ்க் வாங்காதே. மலிவாகப் பல வாங்கு. அவை சாகும், சாகட்டும். ஒன்று செத்தாலும் மற்றவை காப்பாற்றும்படி அடுக்கு. நம்பகம் டிஸ்க்கில் இல்லை, அடுக்கில் இருக்கிறது என்பதுதான் சாரம். பிற்பாடு வியாபாரிகள் இதில் ஒரு சின்னத் திருத்தம் செய்தார்கள். ‘விலை மலிந்த’ என்ற வார்த்தையை எடுத்துவிட்டு, அதே முதல் எழுத்தில் ‘தனித்தனியான’ என்று பொருள்படும் ஆங்கில வார்த்தையைப் போட்டார்கள். மலிவு என்று பெயரிலேயே இருந்தால் எப்படி விலை ஏற்றுவது?

ரெய்டு போட்டாயிற்று, இனி நிம்மதி என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. டாய் ஸ்டோரி 2 படம் எடுத்துக்கொண்டிருந்த சமயம், 1998-ல், பிக்ஸார் கம்பெனியில் யாரோ தவறான இடத்தில் ஒரு டெலீட் கட்டளை கொடுத்துவிட்டார்கள். பாத்திரங்கள், காட்சிகள் கண்ணெதிரே மறைய ஆரம்பித்தன. ஒரு டிஸ்க்கும் சாகவில்லை. எல்லாம் ஜம்மென்று வேலை செய்தன, அழிக்கிற வேலையை. பேக்கப் இருக்கிறதே என்று எடுத்தார்கள். அது ஒழுங்காகப் பதிவாகவில்லை. எடுத்துப் பார்த்தால்தானே தெரியும்? கேலின் சூஸ்மன் என்ற தொழில்நுட்ப இயக்குநர், குழந்தை பிறந்திருந்ததால் வீட்டிலிருந்து வேலை பார்க்க ஒரு பிரதி எடுத்துப்போயிருந்தார். அந்த வீட்டுக் கம்ப்யூட்டரைப் பத்திரமாக அலுவலகத்துக்குக் கொண்டுவந்து வேலையை மீட்டார்கள். கம்பெனியின் லட்சக்கணக்கான டாலர் ஏற்பாட்டைக் காப்பாற்றியது இன்னொரு வீட்டில் இருந்த இன்னொரு காப்பி.

புகைப்படக்காரர் பீட்டர் க்ரோ இதைச் சுருக்கி 3-2-1 என்று பிரபலமாக்கினார். மூன்று பிரதி, இரண்டு விதமான சாதனம், ஒன்று வேறு கட்டடத்தில். நம் ஊர் எடிட்டருக்கு இதை இப்படிச் சொல்வேன்.

முகூர்த்தம் முடிந்து வந்ததும் கார்டிலிருந்து இரண்டு இடத்துக்குக் காப்பி எடுங்கள். இழுத்துப் போட்டுவிட்டுத் தூங்கப் போகாதீர்கள். எழுதியதைத் திரும்பப் படித்து ஒப்பிட்டுச் சரிபார்க்கிற டெராகாப்பி மாதிரி சாஃப்ட்வேர்கள் இருக்கின்றன. இரண்டும் சரி என்று தெரிகிறவரை கார்டை ஃபார்மட் செய்யாதீர்கள். எடிட் எஸ்.எஸ்.டி.யில். பிரதிகள் இரண்டு சாதா சி.எம்.ஆர். ஹார்ட் டிஸ்க்கில். அந்த இரண்டும் ஒரே நாளில், ஒரே கடையில், ஒரே பெட்டியிலிருந்து வாங்கியதாக இருக்க வேண்டாம். கூடப் பிறந்ததுகள் சமயத்தில் கூடவே போய்விடும். ஒன்று ஸ்டுடியோவில், ஒன்று மாமியார் வீட்டில். வேறு வேறு தெருவாக இருந்தால் உத்தமம்.

புது டிஸ்க் வாங்கினால் முதல் வேலையாக முழுக்க ஒருமுறை எழுதிப் படித்துப் பாருங்கள். நிரம்பியதும்தான் வேஷம் கலைகிற போலிகளும் இதில் மாட்டும். 4 டெராபைட்டுக்கு 3.63 காட்டுகிறதே என்று சண்டைக்குப் போகாதீர்கள். கம்பெனி ஆயிரமாக எண்ணுகிறது, விண்டோஸ் 1024-ஆக எண்ணுகிறது, களவு இல்லை. வாங்கிய தேதியை மார்க்கரால் டிஸ்க் மேலேயே எழுதுங்கள். ஐந்து வயது தாண்டியதை வேலையிலிருந்து இறக்குங்கள். கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ மஞ்சள் காட்டினால் அன்றைக்கே மாற்றுங்கள். யு.பி.எஸ். இல்லாமல் எடிட்டிங் வேண்டாம். வருஷத்துக்கு ஒருமுறை, பொங்கலுக்கு வீடு சுத்தம் செய்கிற மாதிரி, பழைய டிஸ்க்குகளைச் சொருகிச் சில ஃபைல்களையாவது ஓட்டிப் பாருங்கள். திறந்து பார்க்காத பேக்கப்புக்கு பிக்ஸாரில் என்ன ஆயிற்று என்று பார்த்தோம்.

“ரெண்டு டிஸ்க்குக்குக் காசு யார் சார் தருவா?” என்று கேட்பீர்கள். நியாயம். மண்டபத்துக்கு, மேளத்துக்கு, பந்தியில் மூன்றாவது இனிப்புக்குச் செலவழிக்கிறவர்கள் வீடியோக்காரரிடம் மட்டும் பேரம் பேசுகிறோம். அந்தப் பேரத்தில் முதலில் வெட்டுப்படுவது இரண்டாவது காப்பிதான், ஏனென்றால் அது கண்ணுக்குத் தெரியாது. ட்ரோன் ஷாட் தெரியும். ஆகவே எடிட்டர்களே, அதைப் பில்லில் தனி வரியாகப் போடுங்கள்: பிரதிகள் இரண்டு, இத்தனை மாதம் வைத்திருப்போம். போட்டால்தான் கேட்பார்கள், கேட்டால்தான் கொடுப்பார்கள்.

வாடிக்கையாளர்களே, நீங்கள் முன்பணம் கொடுக்கும்போது என்ன கேமரா, எத்தனை பக்க ஆல்பம் என்று விசாரிக்கிறீர்கள். கூடவே இரண்டு கேள்வி கேளுங்கள்: எத்தனை காப்பி? எந்தெந்த வீட்டில்? அவர் டிஸ்க் கம்பெனியின் பெயரைச் சொல்லி சமாளித்தால், வேறு ஸ்டுடியோவுக்கு ஒரு போன் போட்டுப் பாருங்கள்.